விஜயதசமி வெட்டு

அடையாறு, சென்னை-20
8-1-1973

திரு. பவுல்சாமி அவர்களுக்கு,

நல்லசிவம் ஒர்க்ஸ் ஆபீசில் டைப் அடிக்கும் ஜெயபாரதி எழுதுகிறேன். உங்கள் விசாகப்பட்டினம் முகவரியை மெஹபூப் பாஷா அண்ணன் கொடுத்தார். கொடுத்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று வாரம் அவரைப் பிடுங்கி எடுத்துத்தான் வாங்கினேன்.

விஷயம் இதுதான். போகும்போது உங்கள் மைக்ரோமீட்டரை மரப்பெட்டியோடு மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். மறந்தது உங்கள் லேத் பக்கம் இல்லை, என் டைப்ரைட்டர் பக்கத்தில். கண்டவர் கை பட வேண்டாம் என்று இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்பட்டுமா, நீங்களே வந்து எடுத்துக்கொள்கிறீர்களா என்று தெரிவிக்கவும்.

ஆபீஸ் கடிதமாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். இன்லண்டில் பாதிக்கு மேல் காலியாகக் கிடப்பதால் கேட்கிறேன். அந்த விஜயதசமியன்று நடந்ததற்கு ஊரை விட்டே போக வேண்டுமா?

எட்டு மாதம் லைசென்ஸுக்குக் காத்திருந்து ஜெர்மனியிலிருந்து வரவழைத்த எஃகு என்பது எனக்கும் தெரியும். அந்தக் கடிதங்கள் எல்லாவற்றையும் அடித்தவள் நான்தான். ஆர்டர் கொடுத்த சர்க்கரை ஆலைக்காரர்கள் முன்னிலையில், சூடம் ஏற்றி, நல்ல நேரத்தில் கடைசி வெட்டு விழ வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். அதற்காகவே சனிக்கிழமை ஒரு வெட்டை மட்டும் மிச்சம் வைத்து அவர்களுடைய ஷாஃப்டை, அந்த எஃகுத் தண்டை, லேத்திலேயே விட்டுப் போனீர்கள். செவ்வாய்க்கிழமை வெட்டினீர்கள். பதினெட்டு தௌ கூடுதலாகப் போய்விட்டது. ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி அதில் பதினெட்டு.

ஒருநாள் என் லெட்ஜரில் கிடந்த தலைமுடியை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்து அளந்து, "மூணு தௌ" என்றீர்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கணக்கில் இது ஆறு முடி கனம். ஆறு முடி கனத்துக்கு ஒரு மனிதர் யாரிடமும் சொல்லாமல் ரயில் ஏறுவாரா?

பதிலை ஆபீசுக்கோ மாம்பலத்தில் எங்கள் வீட்டுக்கோ எழுத வேண்டாம். பாஷா அண்ணனின் மனைவி ஷாகிரா அக்கா பெயருக்கு மயிலாப்பூர் முகவரியில் எழுதுங்கள். அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
ஜெயபாரதி


விசாகப்பட்டினம்
29-1-1973

ஜெயபாரதி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மைக்ரோமீட்டர் உங்களிடமே இருக்கட்டும். இங்கே கம்பெனியில் தருகிறார்கள்.

ஆறு முடி கனம் என்று எழுதியிருந்தீர்கள். பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு முடி கனம் குறைந்தாலே ஷாஃப்ட் பாழ்தான். கடைசி வெட்டுக்கு முன் மெஷினை நிறுத்தி அளக்க வேண்டும். அது டர்னர் வேலையின் அரிச்சுவடி. நான் அளக்கவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று முதலாளி அவசரப்படுத்தியது காரணம் ஆகாது. வெட்டு இறங்கியதும் சத்தம் கனத்தது. காதில் விழுந்தது. எல்லோரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள், நிறுத்தக் கூச்சப்பட்டேன். நிறுத்துவதற்குள் இரண்டு விரல் அகலம் போய்விட்டது.

முதலாளி திட்டியிருந்தால் இருந்திருப்பேன். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இங்கே ஊர் பரவாயில்லை. கடல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன், தெலுங்கில் நடக்கிறது. பாதி புரியாது. சாந்தோம் கோயில் மணிச் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு இந்த மணி வேறாகக் கேட்கிறது.

என் லேத்தில் இப்போது யார் வேலை செய்கிறார்கள்?

நீங்கள் எனக்கு எழுதுவது உங்களுக்கு நல்லதில்லை. இத்தோடு விட்டுவிடுங்கள்.

பவுல்சாமி


அடையாறு
14-3-1973

திரு. பவுல்சாமி அவர்களுக்கு,

கேள்வியும் கேட்பீர்கள், எழுதவும் கூடாது என்பீர்கள். நான் எதைக் கேட்பது?

உங்கள் ஐந்தாம் நம்பர் லேத் பாஷா அண்ணனிடம் வந்திருக்கிறது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை அதைத் திட்டுகிறார். கெட்டுப்போன ஷாஃப்ட் கேட் ஓரம் கிடக்கிறது. மத்தியானம் எல்லோரும் அதன் மேல் வரிசையாக உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறக்கிறார்கள். நான் மட்டும் உட்காருவதில்லை. உட்கார மனம் வரவில்லை.

மைக்ரோமீட்டரை வைத்து அளக்கப் பழகிவிட்டேன். கார்பன் தாள், ரிப்பன், என் வளையல், ஷாகிரா அக்கா கொடுத்த அரிசி ரொட்டி, எல்லாவற்றையும் அளந்தாயிற்று. அளந்து முடித்துப் பெட்டிக்குள் வைக்கும்போது அந்தப் பச்சை வெல்வெட்டில் உங்கள் விரல் எண்ணெய் மணக்கிறது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

இன்னொரு சேதி. ரங்கநாதன் தெரு ஜவுளிக் கடையில் இருக்கும் என் அண்ணன் அய்யாதுரையை உங்களுக்குத் தெரியும், ஒருமுறை ஆபீசுக்கு வந்திருக்கிறான். அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருக்கும் ஒருவருக்கு என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறதாம். ஆவணியில் முடித்துவிடலாம் என்கிறான். எனக்குப் பிடித்திருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், வேலை சம்பந்தமாக. உங்கள் லேத்தில் கைப்பிடிக்குப் பக்கத்தில், கோடும் எண்ணும் போட்டு வெட்டின் ஆழத்தைக் காட்டும் வட்டம் ஒன்று இருக்கிறதே, டயல். நேற்று பாஷா அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "இன்னாமா இது, திருகு தேஞ்சு போய் இந்த வட்டம் தானா சுத்திக்கினு கீது. பவுலு சனிக்கெழம வச்ச ஜீரோவ எவனாவது தொட்டிருந்தா அவன் இன்னா பண்ணுவான்?" என்றார். அப்படி யாராவது தொட்டுத் திருப்பியிருந்தால், அதனால்தான் வெட்டு ஆழமாகப் போயிருக்குமா? எனக்குத் தெரிய வேண்டும். மறைக்காமல் எழுதுங்கள்.

ஜெயபாரதி


விசாகப்பட்டினம்
11-6-1973

ஜெயபாரதி அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது சுகம். இடது கை நடுவிரலில் மேல் கணு இல்லை. எழுதுவது வலது கை என்பதால் இடைஞ்சல் இல்லை. அம்மாவுக்கு எழுதவில்லை, பாஷாவிடமும் சொல்ல வேண்டாம்.

எப்படி என்று கேட்பீர்கள். இங்கே வந்ததிலிருந்து எனக்கு அளந்து தீரவில்லை. ஒரு வெட்டுக்கு நான்கு முறை அளப்பேன். சூப்பர்வைசர் ஆமை என்று பெயர் வைத்துவிட்டார். அன்று ஐந்தாவது முறை அளக்க மெஷினை நிறுத்தினால் ஏசுவாரே என்று, ஓடிக்கொண்டிருக்கும்போதே காலிப்பரை வைத்தேன். மெஷின் அதோடு விரலையும் இழுத்துக்கொண்டது. ஓடும் மெஷினில் அளக்காதே என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்ட சந்தேகம். திருகு தேய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். மாற்ற வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்து மாற்றாமல் விட்டவன் நான். டயலை யாரும் தொடவில்லை. உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பாஷாவை வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரக்கோணத்துக்காரர் நல்லவராக இருப்பார். ரயில்வே வேலை நிரந்தரம்.

பவுல்சாமி


மயிலாப்பூர், சென்னை-4
17-6-1973

பவுல்சாமி அவர்களுக்கு,

ஷாகிரா அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுததைப் பார்த்து அவர்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

டயலை யாரும் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டேன். நான்தான்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவரவர் தங்கள் மெஷினைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நீங்களும் உங்கள் லேத்தைத் துடைத்து எண்ணெய் போடுவீர்கள், பொட்டு வைக்க மாட்டீர்கள். பிறகு கேட் பக்கம் நின்று பொரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவீர்கள். கிறிஸ்தவர், வேதக்காரர் மெஷின் என்று மற்றவர்களும் மரியாதையாக விட்டுவிடுவார்கள். நான் சேர்ந்து ஐந்து வருடமும் அப்படித்தான். வரிசையில் எல்லாம் பூவும் பொட்டுமாக இருக்க, உங்களுடையது மட்டும் மூளியாக நிற்கும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

போன வருடம் எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போனபோது நான் உள்ளே வந்தேன். உங்கள் லேத்துக்குப் பொட்டு வைத்தேன். டயல் வட்டமாக முகம் போல இருந்தது, அதற்கும் ஒன்று வைத்தேன். சந்தனம் கோடுகளில் இறங்கிவிட்டது. முந்தானையால் துடைத்தேன். அப்போதுதான் ஜீரோ அதன் கோட்டுக்கு நேராக இல்லை என்று கவனித்தேன். ஜீரோ நேராக நின்றால்தான் மெஷின் சொல்வதை நம்பலாம் என்று நீங்கள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. டைப்ரைட்டரில் காகிதம் கோணலாக ஏறினால் கை தானாக நேராக்கும். அதே கைதான். வட்டத்தைத் திருப்பி நேராக்கினேன். உங்களுக்கு உதவி செய்ததாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பாஷா அண்ணன் சத்தம் போட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது. மார்ச்சிலேயே எழுதியிருக்க வேண்டும். தைரியம் இல்லாமல் சந்தேகம் கேட்பது போல நடித்தேன். ஷாஃப்டும் என்னால் போனது. உங்கள் விரலும் என்னால் போனது. இனி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜெயபாரதி


விசாகப்பட்டினம்
2-7-1973

ஜெயபாரதி,

எனக்கு அன்றே தெரியும்.

வெட்டு கெட்டதும் குனிந்து டயலைப் பார்த்தேன். கோடுகளுக்குள் சந்தனம் இருந்தது. சனிக்கிழமை கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து விட்டுப் போயிருந்தேன், ஜீரோ கோட்டுக்கு நேராக இல்லாதது அதனால்தான். வட்டம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்தேன், அதே பதினெட்டு தௌ. ஆலைக்காரர்கள் கிட்டே வருவதற்குள் எல்லாப் பொட்டையும் துடைத்துவிட்டேன். பெயர் வெளியே வந்தால் முதலாளி உங்களை அனுப்பிவிடுவார். அதைவிட, அந்தப் பெண் ஏன் அவன் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள் என்ற கேள்வி வரும். அது உங்கள் அண்ணன் காதுக்கும் போகும். நான் போய்விட்டால் கேள்வியே வராது என்று நினைத்தேன்.

இந்த ரகசியம் என்னோடு போகட்டும். முதலாளியிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். ஆவணியில் கல்யாணத்தை நல்லபடியாக முடித்துக்கொள்ளுங்கள்.

பவுல்சாமி


அடையாறு
20-8-1973

பவுல்சாமி அவர்களுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் உங்களுக்கு எழுதவில்லை. கோபம். இன்னும் தீரவில்லை, ஆனால் சொல்ல வேண்டியது சேர்ந்துவிட்டது.

என் பெயரைக் காப்பாற்றச் சொல்லி உங்களிடம் நான் கேட்டேனா? ஒன்பது மாதம் நீங்கள் ஏன் போனீர்கள் என்று தெரியாமல் தினமும் அந்த ஐந்தாம் நம்பரைத் தாண்டி ஆபீசுக்குள் போனேனே, அதை நீங்கள் எந்தக் கருவியால் அளந்தீர்கள்? ஏன் பொட்டு வைத்தாள் என்று கேட்பார்களாம். கேட்கட்டுமே. எனக்கு அதற்குப் பதில் தெரியும். உங்களுக்குத்தான் அதைக் கேட்கப் பயம்.

எல்லாவற்றையும்விட ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை. நீங்கள் துடைத்துவிட்டீர்கள். ஐந்து வருடம் யோசித்து நான் வைத்த பொட்டு. எண்ணெய்க் கறையைத் துடைப்பது போலத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டீர்கள்.

போன திங்கட்கிழமை முதலாளி அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பாஷா அண்ணனும் ஸ்டோர்காரரும் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். வேலையிலிருந்து நிற்பதாகக் கடிதமும் அடித்துக் கொண்டுபோயிருந்தேன். முதலாளி அதைப் படிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அளக்காம வெட்டுனது அவன் தப்பு. தொட்டது உன் தப்பு. தேஞ்ச திருகோட மெஷினை ஓட விட்டதும், நல்ல நேரம் நல்ல நேரம்னு அவனை விரட்டுனதும் என் தப்பு. இதுல யாரைம்மா வேலைய விட்டு அனுப்பச் சொல்லுத?" என்றார்.

பிறகு வெளியே போய் அந்த ஷாஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைவிடச் சின்ன அளவில் ஒரு எண்ணெய் ஆலைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. இதையே கடைந்து கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். ஐந்தாம் நம்பரில்தான், விஜயதசமிக்குத்தான். பாஷா அண்ணன் கையை எடுத்துக் கும்பிட்டு, "அது பவுலு ஜாப்புபா, நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அவனை வரச் சொல்லி எழுது. டைப் அடிக்காத, கையால எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அரக்கோணம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். பத்து நாள் என்னோடு பேசவில்லை. நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "கை எப்படி இருக்காம் அந்த ஆளுக்கு?" என்று கேட்டான். நன்றாகிவிட்டது என்றேன்.

வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஆனால் என் நன்மைக்காக வரவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள். அதை இன்னொரு முறை படிக்க என்னால் முடியாது.

ஜெயபாரதி


விசாகப்பட்டினம்
9-9-1973

ஜெயபாரதி,

நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் ஏன் அளக்கவில்லை என்பதற்கு உங்களுக்கு எழுதிய காரணம் எதுவும் முழு உண்மை இல்லை. நல்ல நேரமும் இல்லை, ஆலைக்காரர்களும் இல்லை. அன்று காலை பட்டறைக்குள் வந்ததும் என் லேத்தில் பொட்டைப் பார்த்தேன். மற்றவர்கள் மூன்று விரலால் அப்புவார்கள். இது சின்னதாக, ஒழுங்காக, நடுவில் இருந்தது. உங்கள் நெற்றியில் வைக்கும் அளவு. யார் வைத்தது என்று ஒருவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு மைக்ரோமீட்டர், அளவு, ஷாஃப்ட் எதுவும் என் நினைவில் இல்லை. சட்டைப் பையில் மைக்ரோமீட்டரை வைத்துக்கொண்டே அளக்காமல் வெட்டினேன். பதினாறு வருட வேலையில் ஒருநாளும் அப்படிச் சந்தோஷமாக நான் மெஷின் முன்னால் நின்றதில்லை. இதை எப்படி முதலாளியிடம் சொல்வது? உங்களிடம் எப்படிச் சொல்வது?

குப்பையில் போட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் இழுப்பறையில் இருக்கும் பெட்டியைத் திறந்து மைக்ரோமீட்டரை வெளியே எடுங்கள். பச்சை வெல்வெட் ஒட்டியிருக்காது, ஒரு ஓரத்தில் நகத்தை விட்டால் தூக்கிக்கொண்டு வரும். அதன் கீழே பாருங்கள்.

அதைத் தூக்கிப் போட என்னால் முடியவில்லை. கூடக் கொண்டுவரவும் தைரியம் இல்லை. அதனால்தான் உங்கள் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

இங்கே லீவு கேட்டிருக்கிறேன். கேட்டது லீவு, வாங்கப் போவது கணக்குத் தீர்த்த சீட்டு. என் அம்மா முதலில் அழுவார், பிறகு உங்களைப் பார்க்க வேண்டும் என்பார். உங்கள் அண்ணன் முன்னால் எப்படி நிற்பது என்று தெரியவில்லை. நிற்பேன்.

எனக்கு இப்போது ஒன்பதரை விரல். அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

பவுல்சாமி


அடையாறு
16-9-1973

பவுல்சாமி அவர்களுக்கு,

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு பெட்டியைத் திறந்தேன். எட்டு மாதமாக அந்தப் பெட்டியைத் தினமும் திறந்து மூடியவளுக்கு, வெல்வெட்டைத் தூக்கிப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

மெஷின் துடைக்கும் வேஸ்ட் நூல், ஒரு பிடி. எண்ணெய் காய்ந்து கறுத்திருக்கிறது. நடுவில் மஞ்சள், அதற்குள் கொஞ்சம் சிவப்பு. மணம் போய்விட்டது. நிறம் போகவில்லை. திருப்பி அங்கேயே வைத்து மூடிவிட்டேன். இனி அது அங்கேதான் இருக்கும்.

கோபம் தீர்ந்தது. எழுத்தில் தெரிவித்துவிட்டேன், பிறகு மறுக்க மாட்டேன்.

ஒன்பதரை விரலைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். நீங்கள் பக்கத்தில் இல்லாத ஒரு வருடத்தையும் எடுத்துக்கொண்டேன். அரை விரல் அதற்கு முன்னால் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. இன்று என் முடி ஒன்றையும் அளந்து பார்த்தேன். அதே மூன்று தௌதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஐந்தாம் நம்பருக்குப் புதுத் திருகு போட்டாயிற்று. முதலாளி பக்கத்தில் நின்று போட வைத்தார். அக்டோபர் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. இந்த முறை பூசணிக்காய் உடைக்கும் வரை காத்திருக்க மாட்டேன். எல்லோரும் பார்க்க, உங்கள் லேத்துக்கு நான் பொட்டு வைப்பேன். டயலைத் தொட மாட்டேன்.

மறுநாள் சூடம் ஏற்றுவார்கள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் அவசரப்படாதீர்கள். மைக்ரோமீட்டரோடு நான் பக்கத்தில் நிற்பேன். மெஷினை நிறுத்தி, என்னிடமிருந்து வாங்கி, அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள். நல்ல நேரம் போனால் போகட்டும்.

ஜெயபாரதி